கம்பியில்லா வேக்குவம் கிளீனர்: அறிகுறியைக் கொண்டு பழுது கண்டறியும் வழிமுறை

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டின் கூடத்தில் பழைய சிவப்பு ஆக்சைடு தரையும், படுக்கையறைகளில் டைல்சும், சமையலறையில் கடப்பைக் கல்லும் இருக்கின்றன. கம்பளம் எங்கும் கிடையாது. 2018இல் வாங்கிய கம்பியில்லா வேக்குவம் கிளீனர் ஒன்று, இரண்டு பேட்டரிகளையும் ஒரு பிரஷ் தலையையும் மாற்றிக்கொண்ட பிறகும், இந்தத் தரைகளில் இன்றும் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள தங்கை வீட்டுக் கருவியும், எங்கள் தெருவில் மூன்று நான்கு வீடுகளின் கருவிகளும் பழுதானால் முதலில் என் திண்ணைக்குத்தான் வருகின்றன. நான் தொழில்முறை மெக்கானிக் அல்லன். ஆனால் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளாக இருந்தும் அதே ஏழெட்டுக் கோளாறுகளே மாறி மாறி வருவதைப் பார்த்துப் பார்த்து, எதை முதலில் திறக்க வேண்டும், எதைத் தொடவே கூடாது என்று ஒரு வரிசை கைக்குப் பழகிவிட்டது. அந்த வரிசையையே கீழே எழுதுகிறேன். கடற்கரை ஊர்களில் இக்கருவியைக் கெடுப்பவை கோலமாவு, மணல், ஈரம், வெயில் ஆகிய நான்குமே. மோட்டார் தேய்ந்து பழுதானதை இத்தனை ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

திறக்கும் முன்

பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்ற முடியாத கருவியாக இருந்தால் சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டு, சுவிட்சின் மீது விரல் படாதவாறு தரையில் கிடத்திக்கொள்ளுங்கள். பிரஷ் தலையில் சுழலும் உருளைக்குள் விரல் இருக்கும்போது சுவிட்ச் அழுந்தினால் என்ன ஆகும் என்பதை என் இடக்கை நகம் ஒன்று நினைவில் வைத்திருக்கிறது. ஒரு டார்ச், பழைய பல் துலக்கும் பிரஷ், நுனி கூரான சிறு கத்தரிக்கோல், சமையலறை எடைத் தராசு, மெல்லிய காகிதத் துண்டு ஆகியவை போதும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரிப் பகுதியில் உதவும்.

அறிகுறி 1: சத்தம் இருக்கிறது, இழுப்பு இல்லை

"இது சத்தம்தான் போடுது தம்பி, எதையும் இழுக்கல" என்று எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்கா வருடத்துக்கு நான்கு முறையாவது சொல்வார். வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். எதையும் கழற்றுவதற்கு முன் அந்தச் சத்தத்தைக் கவனித்துக் கேளுங்கள். வழக்கத்தைவிட மெலிந்து, கீச்சென்று உயர்ந்திருந்தால் காற்று போகும் வழியில் அடைப்பு இருக்கிறது. காற்று வராதபோது மோட்டாருக்குச் சுமை குறைந்து அது வேகமாகச் சுற்றுவதால்தான் அந்தக் கீச்சொலி. சத்தம் கனத்து, சோர்ந்து ஒலித்தால் பேட்டரியைப் பாருங்கள், அது அறிகுறி 5. சத்தம் மாறாமல் இழுப்பு மட்டும் குறைந்திருந்தால் எங்கோ காற்று கசிகிறது.

*1அ. சத்தம் உயர்ந்திருந்தால்: அடைப்பு*

தலையையும் குழாயையும் கழற்றிவிட்டு, மோட்டாரும் தூசிப் பெட்டியும் உள்ள உடல் பகுதியை மட்டும் ஓட்டி, அதன் வாயில் உள்ளங்கையை வையுங்கள். கை இழுபட்டால் உடல் பகுதியில் குறையில்லை. அடுத்து குழாயை மட்டும் மாட்டி அதன் முனையில் கையை வையுங்கள். அங்கும் இழுத்தால் குறை தலையில்தான். இந்த மூன்று நிமிடச் சோதனையைச் செய்யாமல் கருவி முழுவதையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடலிலேயே இழுப்பு இல்லையென்றால், தூசிப் பெட்டியைக் காலி செய்வதோடு நின்றுவிடாதீர்கள். பெட்டிக்குள் நடுவில் இருக்கும் துளைத் தகட்டைப் பாருங்கள்; தலைமுடியும் பஞ்சும் அதைச் சுற்றி ஒரு கம்பளிச் சட்டை போலப் படிந்திருக்கும். அதை உலர்ந்த பல் பிரஷால் நீக்கிய பிறகு ஃபில்டரை எடுங்கள்.

எங்கள் பக்கத்து ஃபில்டர்களில் பெரும்பாலும் அகப்படுவது கோலமாவு. கடையில் கிடைப்பது அரிசி மாவு அன்று. கல்லை அரைத்த பொடி. மார்கழியில் வாசலை அடைத்துப் போடும் கோலத்தை மிதித்துக்கொண்டு வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு காலடியும் ஒரு சிட்டிகை மாவைக் கூடத்தில் இறக்குகிறது. அந்த மாவு மிக நுண்ணியது என்பதால் பெட்டியில் சுழலும் காற்று அதைப் பிரித்துக் கீழே தள்ளுவதில்லை. நேராக ஃபில்டரில் போய் ஒட்டுகிறது. தங்கை வீட்டு ஃபில்டரை ஒரு தை மாதத்தில் கழற்றியபோது அதன் மடிப்புகளுக்கு நடுவே, சுண்ணாம்பு அடித்த சுவர் உரிவதைப் போல, வெள்ளைப் பாளம் ஒன்று நகத்தோடு பெயர்ந்து வந்தது. அதற்கு முந்தைய வாரம்தான் ஒரு பழுதுபார்ப்புக் கடையில், மோட்டார் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்று, கருவி விலையில் பாதியைச் சொல்லியிருந்தார்கள். ஃபில்டரைக் கழற்றிவிட்டு இரண்டு விநாடி ஓட்டிப் பார்த்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். அந்தச் சோதனையை நீங்களும் செய்யலாம், ஆனால் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் வேண்டாம். ஃபில்டர் இல்லாமல் ஓடினால் தூசி மோட்டாருக்குள் போகும். ஃபில்டர் இல்லாதபோது இழுப்பு முழுமையாகத் திரும்பினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ஃபில்டர்தான் செத்திருக்கிறது.

ஃபில்டரைக் கழுவுவதற்கு முன் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கழுவக்கூடாத காகித வகைகளும் உண்டு. அவற்றைக் குப்பைத் தொட்டியின் விளிம்பில் மெதுவாகத் தட்டி, பிரஷால் துடைப்பதோடு விட வேண்டும். கழுவக்கூடியதாக இருந்தால் சோப்பு போடாமல், குழாயடியில் சாதாரணத் தண்ணீரில், தெளிந்த நீர் வடியும்வரை பிழிந்து கழுவுங்கள். கோலமாவு படிந்ததைக் கழுவும் முன் நன்றாகத் தட்டிவிடுவது அவசியம். ஈரம் பட்டால் அந்தப் பொடி சேறாகி மடிப்புக்குள் இறங்கிவிடும்.

காயவைப்பதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். கையேடுகள் பொதுவாக 24 மணி நேரம் என்கின்றன. சித்திரையில் அது சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில், துணியே மூன்று நாள் கொடியில் கிடக்கும் ஊரில், 24 மணி நேரத்தில் எந்த ஃபில்டரும் காய்வதில்லை. வெளிப்புறம் தொட்டால் உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். தொட்டுப் பார்ப்பதை நம்பாமல் நான் எடை போடுகிறேன். புதிதாக வாங்கியபோது எங்கள் ஃபில்டரின் எடை 46 கிராம். அந்த எண்ணை அதன் பிளாஸ்டிக் விளிம்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். சென்ற கார்த்திகையில் கழுவி உதறியபின் 90 கிராம் காட்டியது, மறுநாள் 53, மூன்றாம் நாள் மாலையில்தான் 47. ஒன்றிரண்டு கிராம் வித்தியாசத்துக்குள் வந்த பிறகே மாட்டுகிறேன். மின்விசிறிக்குக் கீழே நிமிர்த்தி வைத்தால் விரைவில் காயும். அடுப்பின் மேலோ, முடி உலர்த்தும் கருவியின் சூட்டிலோ காட்டினால் ஸ்பாஞ்சும் பசையும் கெடும். இரண்டாவது ஃபில்டர் ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது இந்த ஊருக்கு ஆடம்பரம் அன்று, தேவை.

குழாயில் அடைப்பு என்றால் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை ஒரு முனையில் போட்டுப் பாருங்கள். தடங்கலின்றி மறுமுனையில் விழ வேண்டும். விழாவிட்டால் துடைப்பக் கட்டையின் முனையில் துணியைச் சுற்றி, தூசி வந்த திசைக்கு எதிராகத் தள்ளுங்கள். தலையில் அடைப்பு என்றால் பெரும்பாலும் அது கழுத்து வளையும் இடத்தில் இருக்கும்: பூக்கட்டிய வாழைநார், மிட்டாய்த் தாள், ஊதுபத்திக் குச்சி.

*1ஆ. சத்தம் மாறாமல் இழுப்பு குறைந்தால்: கசிவு*

தூசிப் பெட்டியின் மூடி விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதில் ஒரு முடி குறுக்கே கிடந்தாலே மூடி முழுவதும் அழுந்தாது. கருவியை ஓட்டிக்கொண்டே மெல்லிய காகிதத் துண்டை ஒவ்வொரு பொருத்து வாயிலும் காட்டுங்கள். எங்கே காகிதம் உள்ளே ஒட்டுகிறதோ அங்கே கசிவு. பெட்டியின் வெளிப்புறத்தில் மெல்லிய தூசிக் கோடு தெரிந்தால் அந்த வளையமே கசிகிறது. துடைத்தும் சரியாகவில்லையென்றால் வளையத்தையோ பெட்டியையோ மாற்றுங்கள்; தற்காலிகமாக ஒட்டுநாடா சுற்றுவது ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்காது.

*எப்போது ஆளிடம் கொடுப்பது:* உலர்ந்த, சுத்தமான ஃபில்டரோடும், ஃபில்டர் இல்லாமலும் உடல் பகுதியில் இழுப்பு இல்லை என்றால் மட்டும்.

அறிகுறி 2: விட்டு விட்டு இயங்குகிறது, அல்லது சில விநாடிகளில் நின்றுவிடுகிறது

சுவிட்சை அழுத்தியவுடன் இருமுவதைப் போல ஓடி நின்று ஓடி நின்று துடித்தால், பெரும்பாலான கருவிகளில் அது பழுது அன்று. அடைப்பையோ சூட்டையோ உணர்ந்து கருவி தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆகவே முதலில் அறிகுறி 1அ முழுவதையும் செய்யுங்கள். முந்தின நாள் ஃபில்டரைக் கழுவி மாட்டியிருந்தால் வேறெதையும் தேடவே வேண்டாம். அது இன்னும் ஈரமாக இருக்கிறது.

ஃபில்டர் சரியாக இருந்தால் சூட்டைக் கவனியுங்கள். கத்திரி வெயிலில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில், அதிவேக நிலையில் ஐந்து நிமிடம் ஓட்டினால் கைப்பிடிப் பக்கம் சுடுவதை உணரலாம். அரை மணி நேரம் நிழலில் விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். குறைந்த வேகத்தில் சீராக ஓடி, அதிவேகத்துக்கு மாற்றியதும் நின்றுபோனால், பேட்டரியில் ஒரு செல் தளர்ந்திருக்கிறது என்று கொள்ளலாம். கருவியை ஆட்டினால் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தால் பேட்டரி மாட்டும் இடத்துத் தகடுகளைத் துடையுங்கள். முறையை அறிகுறி 3இல் சொல்லியிருக்கிறேன். சுவிட்சை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அழுத்தினால் மட்டும் ஓடினால் அது சுவிட்ச் தேய்மானம். அதைத் திறந்து மாற்றுவது வீட்டு வேலை அன்று.

அறிகுறி 3: இழுப்பு இருக்கிறது, உருளை சுழலவில்லை

கருவியைத் திருப்பி உருளையைப் பாருங்கள். நடுப்பகுதியில் சுற்றியிருக்கும் முடி கண்ணுக்குத் தெரியும். அதைக் கத்தரித்துவிட்டு வேலை முடிந்ததாக நினைப்பார்கள். உருளையைப் பிடித்து வைத்திருப்பது இரண்டு முனைகளிலும் உள்ள முடிதான். முனையில் உள்ள பூட்டை நாணயத்தால் திருகி உருளையை வெளியே எடுத்தால், அச்சைச் சுற்றித் தேங்காய்நார்க் கயிறு போல இறுகிய வளையம் ஒன்று இருக்கும். நீண்ட கூந்தலும் மல்லிகைச் சரத்தின் நாரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டது அது. அறுக்க வேண்டாம், கத்தரிக்கோலின் ஒரு நுனியை அடியில் செருகி ஒரே இடத்தில் வெட்டினால் வளையம் முழுதாகக் கழன்று வரும். எங்கள் வீட்டில் மாதம் ஒரு முறை இது.

முடி இல்லை, இருந்தும் சுழலவில்லை என்றால் குழாயை விலக்கிவிட்டு, தலையை நேராக உடலில் மாட்டிப் பாருங்கள். இப்போது சுழன்றால் குழாய்க்குள் ஓடும் மின்கம்பியிலோ, பொருத்து வாய் ஊசிகளிலோ குறை இருக்கிறது. அப்படியும் சுழலவில்லை, ஆனால் சோபாவுக்கான சிறிய பிரஷை மாட்டினால் அது சுழல்கிறது என்றால் தலையில் உள்ள மோட்டாரோ பெல்ட்டோதான் காரணம். இரண்டுமே சுழலாவிட்டால் குறை உடல் பக்கம்.

ஊசிகளைச் சந்தேகிக்கக் கடலோரத்தில் எப்போதும் நியாயம் உண்டு. உப்புக் காற்றில் அவை மங்கி, சில இடங்களில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். வெள்ளிக்கிழமைதோறும் கல் உப்பும் மஞ்சளும் கரைத்துத் தரை துடைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில், தரை உலரும் முன் கருவியை ஓட்டினால், அந்த உப்பு நேராகத் தலைக்குள் போகிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பென்சில் அழிப்பானால் ஊசிகளை மெதுவாகத் தேய்த்து, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள்; மேல் பூச்சு போனால் அடுத்த முறை களிம்பு இரட்டிப்பு வேகத்தில் வரும்.

ஓடிக்கொண்டிருந்த உருளை மிதியடியின் குஞ்சத்தையோ புடவைத் தலைப்பையோ விழுங்கி நின்றிருந்தால், நூலை எடுத்துவிட்டுச் சில நிமிடங்கள் அணைத்து வையுங்கள். சுமைத் தடுப்பு தானாக விடுபடும். தலைக்குள் இருக்கும் சிறு மோட்டார் எரிந்துபோயிருந்தால், அதைத் தனியே கழற்றிச் சரிசெய்யக் கொடுப்பதைவிடத் தலை முழுவதையும் மாற்றுவதே எனக்குக் கட்டுபடியானது.

அறிகுறி 4: தூசி போகிறது, அரிசியும் மணலும் தரையிலேயே நிற்கின்றன

இது வழுவழுப்பான தரைக்கே உரிய தொல்லை. கம்பளத்துக்கான விறைத்த முட்களைக் கொண்ட உருளை, சிந்திய அரிசியையும் உளுந்தையும் உள்ளே இழுப்பதற்குப் பதிலாக அறையின் மறுகோடிக்கு எற்றிவிடும். மெத்தென்ற துணி உருளைதான் இங்கே ஏற்றது. அது ஏற்கெனவே இருந்தும் பருக்கைகள் முன்னால் தள்ளப்படுகின்றன என்றால், தலையின் முன் விளிம்பு தரையோடு மிக ஒட்டி ஓடுகிறது. வாயின் உயரத்தை மாற்றும் நெம்புகோல் இருந்தால் திறந்துவிடுங்கள். இல்லாவிட்டால் தலையைச் சற்றே தூக்கி மேலிருந்து வையுங்கள்.

சிவப்புத் தரையில் கருவி போன வழியில் வெளிறிய பட்டை தெரிந்தால், துணி உருளையில் கோலமாவு ஏறியிருக்கிறது. உருளை அதைத் தரையிலேயே பூசிக்கொண்டு போகிறது. கழுவக்கூடிய உருளையென்றால் கழுவி, பிழிந்து, செங்குத்தாக நிறுத்திக் காயவிடுங்கள். படுக்க வைத்தால் ஈரம் ஒரு பக்கமாக இறங்கி, உருளை எடை பிசகிச் சுழலும்போது அதிரும்.

கீறல் விழுந்தால் அதே நாளில் நிறுத்துங்கள். தலைக்கு அடியில் உள்ள சிறு சக்கரங்களின் இடுக்கில் மணல் துகள் ஒன்று சிக்கி, சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கும். எங்கள் கூடத்தில் சன்னலோரம் ஓரடி நீளத்துக்கு ஒரு கோடு இருக்கிறது; கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளின் செருப்பிலிருந்து உதிர்ந்த மணலை அள்ளிய மறுநாள் விழுந்தது அது, எந்த மெழுகுக்கும் மறையவில்லை. டைல்சில் அவ்வளவு தெரியாது. பழைய ஆக்சைடு தரைக்கு மாற்று கிடையாது. இன்று அதை அதே மினுமினுப்போடு இழைத்துத் தரும் கொத்தனார் கிடைப்பதே அரிது.

இந்த அறிகுறிக்கு ஆளை அழைக்கத் தேவையே வராது.

அறிகுறி 5: சார்ஜ் ஏறவில்லை, அல்லது சீக்கிரம் இறங்கிவிடுகிறது

*5அ. விளக்கே எரியவில்லை*

வேறொரு பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பிறகு சார்ஜர் முனையும் கருவியின் துளையும் சுத்தமா என்று பாருங்கள். மல்டிமீட்டர் இருந்தால் சார்ஜர் முனையில் வோல்ட் அளந்து, அதன் மேல் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடுங்கள்; சுழியமோ மிகக் குறைவோ காட்டினால் சார்ஜர் போய்விட்டது, பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். புயல் மழைக் காலத்தில் மின்சாரம் போய்த் திரும்பி வரும் அந்தக் கணத்தில் சார்ஜர்கள் பல வீடுகளில் ஒன்றாகச் சாகின்றன. மின்சாரம் போனதும் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். புதிய சார்ஜர் வாங்கும்போது முனை பொருந்துகிறதே என்று எதையாவது மாட்டாதீர்கள். வோல்ட் எண் சரியாக அதேதாக இருக்க வேண்டும்.

*5ஆ. சார்ஜர் நன்றாக இருக்கிறது, பேட்டரி ஏற்க மறுக்கிறது*

ஓடி முடித்த சூட்டோடு மாட்டினால் பல கருவிகள் சார்ஜை ஏற்கா; ஆறிய பின் ஏற்கும். சுவரில் மாட்டும் தாங்கியை மேற்குச் சுவரில் அடித்திருந்தால், பிற்பகல் வெயில் ஏறிய அந்தச் சுவரே பேட்டரியைச் சுட வைக்கும். வடக்குச் சுவருக்கு மாற்றுங்கள்.

புதுச்சேரியில் இன்னொரு காரணமும் அடிக்கடி உண்டு. பிரான்சில் உள்ள மகன் வீட்டில் ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று வாழும் பெரியவர்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். புறப்படும் நாளில் வீடு முழுவதும் ஓட்டி, பேட்டரி தீர்ந்த நிலையிலேயே மாட்டி வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வரும்போது செல்கள் தாழ்வு எல்லைக்குக் கீழே இறங்கி, பாதுகாப்புச் சுற்று சார்ஜை அனுமதிக்காது. சில மணி நேரம் சார்ஜரில் விட்டுப் பார்க்கலாம். உயிர் வராவிட்டால், வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வேலையில் இறங்காதீர்கள். லித்தியம் செல் தீப்பிடிக்கும் வழிகளில் அதுவும் ஒன்று. நீண்ட நாள் வெளியூர் போகும்போது பாதி சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

*5இ. ஏறுகிறது, ஆனால் நிற்பதில்லை*

குறை சொல்லும் முன் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 21.6 வோல்ட், 2,500 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட பேட்டரியில் இருப்பது 54 வாட்-மணி. 400 வாட் இழுக்கும் அதிவேக நிலையில் அது எட்டு நிமிடம்தான் வரும். 80 வாட் இழுக்கும் குறைந்த வேகத்தில் நாற்பது நிமிடம். வழுவழுப்பான தரைக்கு அதிவேகம் அநேகமாகத் தேவையே இல்லை. ஆகவே "பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த வேகத்தில் என்பதுதான்.

முழுதாகச் சார்ஜ் செய்து, தலையைக் கழற்றிவிட்டு, குறைந்த வேகத்தில் கைபேசிக் கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். வாங்கிய புதிதில் வந்த நேரத்தில் பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றும் காலம் வந்துவிட்டது. இத்தகைய செல்கள் பொதுவாக 300 முதல் 500 முறை முழுதாக ஏறி இறங்கிய பின் தளரத் தொடங்கும். நம்மூர் வெயிலில் முதல் பேட்டரி எனக்கு மூன்று ஆண்டு உழைத்தது.

மாற்றுப் பேட்டரி வாங்குவதில்தான் ஏமாற்று அதிகம். உள்ளே இருப்பவை பெரும்பாலும் 18650 எனப்படும், பெருவிரல் பருமனுள்ள உருளைச் செல்கள். அந்த அளவில் நல்ல செல் ஒன்றின் கொள்ளளவு சுமார் 3,500 மில்லி ஆம்பியர்-மணியைத் தாண்டுவதில்லை. ஆறு செல்கள் வரிசையாக உள்ள 21.6 வோல்ட் பேட்டரியின் மேல் 6,000 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். ஒரு செல் சுமார் 45 கிராம் இருக்கும் என்பதால், ஆறு செல்லுக்கு உறை நீங்கலாகவே சுமார் 270 கிராம் இருக்க வேண்டும். தராசில் இலேசாக இருந்தால் வாங்காதீர்கள். லித்தியம் பேட்டரிகளுக்கு உரிய ஐ.எஸ். 16046 என்ற தர எண் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

*எப்போது ஆளிடம் கொடுப்பது:* பேட்டரி உறை உப்பியிருந்தாலோ, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் போன்ற இனித்த நெடி வந்தாலோ, சார்ஜ் ஏறும்போது கை வைக்க முடியாத அளவு சுட்டாலோ, உடனே பிளக்கிலிருந்து எடுத்து, வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வைத்துவிடுங்கள். செல்களைத் தனித்தனியே மாற்றிச் சாலிடர் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்க வேண்டாம். செல்களை இணைக்க உரிய வெல்டிங் இயந்திரம் வைத்திருப்பவரிடம் மட்டும் கொடுங்கள். செத்த பேட்டரியை நகராட்சிக் குப்பை வண்டியில் போடக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்துபவர் அதை மற்ற குப்பையிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும், உற்பத்தியாளர் அதைச் சேகரிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். விற்ற கடையிலேயே திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம்.

அறிகுறி 6: வெளிவரும் காற்றில் நாற்றம்

ஊறிய துணி நாற்றமென்றால் ஃபில்டரோ துணி உருளையோ ஈரத்தோடு மாட்டப்பட்டிருக்கிறது. மறுபடி கழுவி முழுதாகக் காயவிடுங்கள். கருவாட்டு நாற்றமென்றால் சிரிக்காமல் பெட்டியைக் கழுவுங்கள். செத்த கரப்பான் ஒன்று பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தாலே அந்த நாற்றம் வரும். வாசனைக்காகக் கற்பூரத்தைப் பொடித்து உறிஞ்ச வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதை மறந்துவிடுகிறார்கள். சாம்பிராணிச் சாம்பலும் அப்படித்தான். மேலே ஆறியிருந்தாலும் உள்ளே கனல் நிற்கும், காற்று பட்டதும் சிவக்கும். மறுநாள் காலையில் துடைப்பத்தால் கூட்டுங்கள்.

ரப்பர் கருகும் வாடை தலைப்பக்கமிருந்து வந்தால் பெல்ட். உருளையில் முடியை நீக்கியும் தொடர்ந்தால் தலையை மாற்ற வேண்டும். கைப்பிடிப் பக்கமிருந்து கருகல் வாடை வந்தால் அதற்குமேல் ஒரு முறைகூட ஓட்டாமல் ஆளிடம் கொடுங்கள்.

அறிகுறி 7: புதிதாக ஒரு ஓசை

கடகடவென்றால் பெட்டியில் கூழாங்கல். விசிலென்றால் கசிவு, 1ஆ. தலையிலிருந்து தடதடவென்றால் உருளை பூட்டில் சரியாக உட்காரவில்லை. உடலிலிருந்து, தலையைக் கழற்றிய பின்னும், கத்தி தீட்டுவது போன்ற கரகரப்பு வந்தால் மோட்டார் பேரிங் தேய்ந்திருக்கிறது. நான் பார்த்த அந்த ஒரே மோட்டார் பழுது இதுதான். ஃபில்டர் கிழிந்ததைக் கவனிக்காமல் இரண்டு மாதம் ஓட்டிய கருவி அது.

அறிகுறி 8: தண்ணீரை உறிஞ்சிவிட்டது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் தெருவில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வடிந்த பின் தரையில் நின்ற ஈரச் சேற்றைச் சாதாரணக் கருவியால் உறிஞ்ச முயன்று, அடுத்த இரண்டு நாளில் மூன்று கருவிகள் என் திண்ணைக்கு வந்தன. பிழைத்தது ஒன்று. அந்த வீட்டு அம்மா சத்தம் மாறியவுடன் அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டார். மற்ற இரண்டு வீட்டிலும், காய்ந்துவிட்டதா என்று பார்க்க மறுபடி மறுபடி சுவிட்சைப் போட்டிருந்தார்கள்.

ஆகவே முதல் வேலை, பேட்டரியைக் கழற்றுவது. பெட்டி, ஃபில்டர், தலை எல்லாவற்றையும் பிரித்து, உடலின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மின்விசிறிக் காற்றில் நிறுத்துங்கள். அரிசிப் பானைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தவிடுதான் உள்ளே போகும். நல்ல தண்ணீர் சிறிதளவு போயிருந்தால் மூன்று நாள் காயவிட்டு, குறைந்த வேகத்தில் ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். உப்புத் தண்ணீரோ, சாக்கடை கலந்த வெள்ளமோ, ஃபினாயில் கலந்த துடைப்புத் தண்ணீரோ போயிருந்தால் ஓட்டிப் பார்க்கவே வேண்டாம். நீர் காய்ந்த பிறகும் உப்பு சர்க்யூட் போர்டில் நின்று, சில வாரங்களில் தடங்களை அரித்துவிடும். ஆளிடம் கொடுக்கும்போது "சும்மா நின்றுபோச்சு" என்று மறைக்காமல், எந்தத் தண்ணீர், எப்போது போனது என்று சொல்லுங்கள். போர்டைக் கழுவிக் காயவைக்க வேண்டுமா, நேரே மாற்ற வேண்டுமா என்பதை அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.